ஆசிட் தின்ற மார்பிள்: ஒரு சென்னைக் குளியலறையின் நிகழ்வு ஆய்வு

கல்தரைகளைப் பழுது பார்த்து மெருகேற்றுவது என் தொழில். குளியலறை மார்பிள் என்று யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: தரை மங்கிவிட்டது, மஞ்சளாகிவிட்டது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, உடைத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாமா? இந்த வீட்டிலும் அதே கேள்விதான். ஆனால் இங்கே ஒரே அறைக்குள் மூன்று வகைக் கல் இருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஆசிட்டை ஊற்றி வந்திருந்தார்கள். வீட்டில் கல் பதித்திருக்கும் பலருக்கும் உதவும் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

அறையும் கல்லும்

வீடு தென்சென்னையில், தனி வீடு. கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற தம்பதியர், மாடியில் மகன் குடும்பம். பிரச்சினை கீழ்த்தளக் குளியலறையில். தரையும், குளிக்கும் பக்கத்துச் சுவரில் நாலடி உயரம் வரையும் மக்ரானா வெள்ளை மார்பிள். வாஷ்பேசின் மேடை கறுப்பு கிரானைட். சோப்பும் எண்ணெய்க் கிண்ணமும் வைக்கிற தட்டு கடப்பா கல். வீட்டுக்காரர் கடப்பாவையும் கிரானைட் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் வழவழப்பு என்பதால் நிறைய வீடுகளில் இந்தக் குழப்பம் உண்டு.

ராஜஸ்தானில் வெட்டியெடுக்கப்படும் மக்ரானா கல்லில்தான் தாஜ்மகால் கட்டினார்கள். உலகப் பாரம்பரியக் கல் வளங்களின் பட்டியலில் 2019-இல் அதைச் சேர்த்தார்கள். இத்தாலியிலிருந்து வருகிற பல மார்பிள்களைவிட அது நெருக்கமான கல், தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஆனால் எவ்வளவு உயர்ந்த மார்பிளாக இருந்தாலும் அடிப்படையில் அது கால்சியம் கார்பனேட்தான். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 3-தான் கிடைக்கும். கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கடப்பா கல் கறுப்பாக இருந்தாலும் சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட்டைப் பொறுத்தவரை அது மார்பிளின் உறவு, கிரானைட்டோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

கண்ணில் பட்டது

முதலில் விளக்கை அணைக்கச் சொல்லி, கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேரே நின்று பார்த்தால் தெரியாத பலவும் அந்த வெளிச்சத்தில் தெரியும். டாய்லெட்டைச் சுற்றி அரைவட்டமாக ஒரு மங்கல். அங்கே விரலை ஓட்டினால் மெல்லிய சொரசொரப்பு. மற்ற இடத்தில் வெளிச்சம் கண்ணாடியில் படுவது போல் திரும்பி வந்தது, இங்கே சிதறிப் போனது. தண்ணீர் வடியும் ஜாலியைச் சுற்றிக் கல் குழி குழியாக இருந்தது. இரண்டு கற்களுக்கு நடுவிலிருந்த வெள்ளைச் சிமெண்ட் பல இடங்களில் கரைந்து, நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

குழாய்க்குக் கீழே நேர் எதிரான காட்சி. அங்கே கல்லின் மேல் வெள்ளையாக ஓர் அடை ஏறியிருந்தது. சுவர் அடியில், தரையும் சுவரும் சேரும் ஓரம் முழுக்க ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள். வாளி வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களும் நான்கு துரு வட்டங்களைப் பதித்திருந்தன. வீட்டு அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரும் இடத்தில் கறுத்த ஒரு திட்டு. அதற்கு மேல் சுவரில், மஞ்சள் பூசிய கை பட்ட தடங்கள். கடப்பா தட்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. கிரானைட் மேடை மட்டும், உப்புப் படிந்திருந்தாலும் அடியில் நல்ல நிலையில் இருந்தது.

அந்த அறையைப் பல வருடமாகக் கழுவி வருகிற அக்காவிடம்தான் அப்புறம் பேசினேன். எப்படிக் கழுவுகிறார்கள் என்று கழுவுகிறவரைக் கேட்காமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை.

“டாய்லெட்டுக்கு ஊத்துற ஆசிட்டையே தரையிலயும் கொஞ்சம் தெளிச்சு விடுவேன் தம்பி. சொய்ங்னு நுரைச்சு வரும். அழுக்கு போகுதுன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவேன். ஒரு தடவ பிளீச்சிங் பவுடரும் சேத்துப் போட்டேன், மூச்சு முட்டி வெளிய ஓடி வந்துட்டேன்.”

இரண்டாவதாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொன்னேன். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவை மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. எந்தக் கல்லுக்காகவும் அந்த ஆபத்தில் ஒருவர் நிற்கக் கூடாது. அவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. கையில் கொடுத்த பாட்டிலை வைத்து வேலை செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து அந்த நுரை. கழிப்பறைக்கு ஊற்றும் திரவங்கள் பலவற்றிலும், கடையில் விற்கும் வெறும் ஆசிட்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கால்சியம் கார்பனேட்டைத் தொட்டால் கரியமில வாயு கிளம்பும். நுரையாகத் தெரிவது அதுதான். மிச்சம் தண்ணீரில் கரைந்து ஜாலி வழியே போய்விடும். அதாவது ஒவ்வொரு முறை நுரைத்தபோதும் தரையிலிருந்து ஒரு படலம் கல் போய்க்கொண்டிருந்தது.

கறையா, அரிப்பா?

இந்த ஆய்வில் நான் சொல்ல வந்ததே இதுதான். போர் தண்ணீர் காய்ந்து படியும் வெள்ளை உப்பும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் அடியில் இருக்கும் மார்பிளும் கால்சியம் கார்பனேட். உப்பைக் கரைக்கும் எதுவும் கல்லையும் கரைக்கும். எலுமிச்சை, வினிகர், புளி, ‘உப்புக்கறை நீக்கி’ என்று விற்கும் திரவங்களில் பெரும்பாலானவை எல்லாம் இதில் அடக்கம். இது உப்பு, இது கல் என்று பிரித்துப் பார்க்க எந்த அமிலத்துக்கும் தெரியாது. செராமிக் டைல்ஸில் பலிக்கிற வைத்தியம் மார்பிளில் பாழாக்குவதற்கு இதுதான் காரணம். வீட்டுக் குறிப்பு என்று சொல்லப்படுகிற எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்த கலவையும் மார்பிளுக்கு ஆகாது.

அதனால் மார்பிளில் ஒரு கோளாறைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது கறையா, அரிப்பா என்பது. கறை என்றால் கல்லுக்குள் ஏதோ புகுந்திருக்கிறது. எண்ணெய், மஞ்சள், துரு எல்லாம் அப்படித்தான். புகுந்ததை எப்படியாவது வெளியே இழுக்கப் பார்க்கலாம். அரிப்பு என்றால் கல்லின் மேற்பரப்பே போய்விட்டது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது, மெருகுதான் ஏற்ற வேண்டும். டாய்லெட்டைச் சுற்றியிருந்த அரைவட்டத்தை இந்த வீட்டில் கறை என்று எண்ணி இன்னும் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். அரிப்புக்கு அரிப்பையே மருந்தாகக் கொடுத்தாகிவிட்டது.

எது என்ன கல் என்று உறுதி செய்ய, கதவுக்குப் பின்னால், தட்டின் அடி விளிம்பில், மேடையின் மறைவான ஓரத்தில் என்று கண்ணில் படாத இடங்களில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வைத்தேன். சில நிமிடம் விட்டுத் துடைத்ததில் மார்பிளில் மங்கிய புள்ளி, கடப்பாவில் சாம்பல் புள்ளி. கிரானைட்டில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் குனிந்து கடப்பா தட்டை மறுபடியும் பார்த்துவிட்டு, “அப்ப இது கிரானைட்டே இல்லையா தம்பி?” என்றார்.

தண்ணீரையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களிடம் போர் தண்ணீரின் சோதனை அறிக்கை ஒன்று இருந்தது. கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தின்படி 200 வரை இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளிப்பதற்குத்தானே என்று யாரும் இந்த எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குளியலறைக் கல்லின் ஆயுளை நிர்ணயிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கட்டிச் சோப்பும் இந்தத் தண்ணீரும் சேர்ந்தால், சோப்பின் கொழுப்பு கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறும். சுவரில் நகத்தால் கீறினால் மெழுகு போல வருவது அதுதான்.

சுவரோர மஞ்சள் பட்டைதான் கடினமான கேள்வி. மார்பிள் மஞ்சளாகக் காரணங்கள் பல. மேலே பூசிய மெழுகு பழுக்கலாம், இரும்புள்ள தண்ணீர் படிந்திருக்கலாம், கல்லுக்குள்ளேயே இருக்கும் சிறிதளவு இரும்பு ஈரம் பட்டுத் துருப்பிடித்திருக்கலாம். பட்டை சுவரோரமாக மட்டும் இருந்தது, அங்கேதான் இணைப்புச் சிமெண்ட் அதிகம் கரைந்திருந்தது. சந்தேகம் தீர, ஒன்றரை அடிச் சதுரமாக பிளாஸ்டிக் தாளை வெட்டி, காய்ந்த தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடி வைத்தோம். மறுநாள் தாளின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர்த்துளி. கல் அடியிலிருந்து ஈரம் மேலே வருகிறது என்பது தெளிவாகிவிட்டது. ஆசிட் முதலில் இணைப்பைத் தின்றது, அதன் வழியே தண்ணீர் அடியில் இறங்கியது, வெளியே வர வழியில்லாமல் கல்லின் வழியாகவே மேலே வந்து மஞ்சளைக் கொண்டுவந்தது. மஞ்சளைப் போக்க மறுபடியும் ஆசிட் ஊற்றினார்கள். அமிலமும் பிளீச்சும் இரும்பை இன்னும் வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும்.

இடித்துவிட்டு டைல்ஸ் போடுவதற்கு ஒரு ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே விலை சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடித்தால் கல்லோடு சேர்ந்து அடியிலிருக்கும் நீர்க்காப்புப் பூச்சும் போகும். அதைத் திரும்பச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. கல் விரிசல் விடவில்லை, அடியில் தட்டிப் பார்த்தால் எங்கும் வெற்றுச் சத்தம் வரவில்லை. இப்படி நிற்கிற மக்ரானாவை உடைத்துப் போட எனக்கு மனம் வராது.

வேலை நடந்த வரிசை

முதல் வேலை, அறையைக் காய விடுவது. அவர்கள் மாடிக் குளியலறைக்கு மாறிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓட விட்டு, பிளாஸ்டிக் தாளில் துளி கட்டாத வரை காத்திருந்தோம். நேரம் பிடிக்கும் காரியம் இது. வேலைக்காரர்கள் பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஈரக் கல்லின் மேல் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

சோப்புப் பிசுக்குக்கு அமோனியா. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி, கையுறை போட்டு, ஜன்னல் திறந்து வைத்து. தடவிச் சற்று நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசினோம். அமோனியா காரம், அதனால் கல்லை அரிக்காது. ஆனாலும் வாரம் தவறாமல் போட்டால் நாளடைவில் மெருகை மங்கச் செய்யும். அதை பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

குழாயடி உப்பை பிளேடால் எடுத்தோம். சோப்புத் தண்ணீரால் நனைத்து, புது பிளேடைக் கல்லோடு ஒட்டிப் படுத்தாற்போல் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ள வேண்டும். பிளேடு மார்பிளைவிடக் கடினம், அதனால் நிமிர்த்திப் பிடித்தால் கீறல் விழும். கிரானைட்டில் அந்தப் பயம் குறைவு, அங்கே கல்தான் பிளேடைவிடக் கடினம். கிரானைட் மேடைக்காவது கொஞ்சம் வினிகர் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். மேடையிலிருந்து வழிவது நேரே மார்பிள் தரையில்தான் விழும். அதனால் அந்த அறைக்குள் அமிலம் என்ற பேச்சே வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு கறைகள். கல்லுக்குள் போன கறையை மேலே தேய்த்து எடுக்க முடியாது, பற்றுப் போட்டுத்தான் இழுக்க வேண்டும். ஓர் உறிஞ்சும் தூளோடு கறைக்கேற்ற திரவத்தைக் கலந்து, கெட்டியான விழுதாக்கி, கால் அங்குல கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரத்தை ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். அந்த ஒரு நாளில் திரவம் கல்லுக்குள் போய்க் கறையைக் கரைக்கும். அப்புறம் தாளை எடுத்துவிட்டு விழுதை முழுக்கக் காய விட வேண்டும். காயும்போதுதான் திரவம் கறையோடு சேர்ந்து தூளுக்குள் ஏறி வருகிறது. பாதி ஈரத்தில் சுரண்டி எடுத்தால் வந்த கறை பாதி வழியில் நின்றுவிடும்.

தாஜ்மகாலின் பழுத்த மார்பிளுக்கு இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் பலமுறை போட்ட முல்தானி மிட்டிப் பற்றும் இதே வழிமுறைதான். அதைக் கேட்டதும் வீட்டு அம்மா, “எங்கிட்ட முல்தானி மிட்டி இருக்கு, எடுத்துட்டு வரவா?” என்றார். அந்த மண்ணில் இரும்பு இருக்கும், கைக்குக் கிடைக்கிற எல்லாத் திரவத்தோடும் அதைச் சேர்க்க முடியாது. அதனால் நான் வெள்ளை டால்க் தூளைத்தான் பயன்படுத்துகிறேன்.

எண்ணெய்த் திட்டுக்கு டால்க்கும் அசிட்டோனும். நல்லெண்ணெய் பல வருடமாக ஊறியிருந்ததால் ஒரே பற்றில் போகவில்லை, திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் காய்ந்த தூள் பழுப்பேறி உதிர்ந்தது, கல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் கீசர் சுவிட்ச்சைக்கூடப் போட விடவில்லை.

சுவரில் மஞ்சள் பூசிய கை பட்ட தடங்கள் விசித்திரமாக இருந்தன. சில மஞ்சளாகவும் சில செம்பழுப்பாகவும். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் மஞ்சள் நீர் சிவப்பது அதனால்தான். இங்கே சோப்பு நீர் பட்டுச் சிவந்திருந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் டால்க்கைக் குழைத்துப் போட்டதில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சத்தை வெளிச்சத்துக்கு விட்டுவிட்டேன். குர்க்குமின் வெயிலில் தானே வெளுக்கும், அந்தச் சுவருக்கு எதிரே ஜன்னல் இருந்தது.

துரு வட்டங்களுக்கு அமிலம் இல்லாத துரு நீக்கி. அது இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறும், நாற்றமும் வரும். ஊதா தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மூன்று வட்டங்கள் போயின. நான்காவதின் நிழல் மட்டும் தங்கிவிட்டது, மெருகேற்றும்போது அதுவும் கொஞ்சம் தேய்ந்தது. ஸ்டாண்டை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் முக்காலி வைக்கச் சொன்னேன். சுவரோர மஞ்சளுக்கும் இதே மருந்தைப் பற்றாகப் போட்டோம். வெளுத்தது, ஆனால் போகவில்லை. காரணம் அடியில் இருக்கும்போது மேலே போடும் மருந்துக்கு ஓர் அளவுதான் உண்டு, இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

இணைப்புகளைக் கீறிச் சுத்தம் செய்து எப்பாக்ஸி கிரவுட், அதாவது இணைப்பை அடைக்கும் பிசின் கலவை, நிரப்பினோம். சிமெண்ட் கிரவுட்டைக் கரைப்பது போல அதை ஆசிட் கரைக்காது, தண்ணீரும் இறங்காது. தரையும் சுவரும் சேரும் மூலைக்கு மட்டும் சிலிகான், அங்கே அசைவு இருக்கும் என்பதால். சிலிகான் வாங்கும்போது கவனம் வேண்டும். சாதாரண சிலிகான் காயும்போது வினிகர் வாடை அடிக்குமே, அது உண்மையிலேயே அசிட்டிக் அமிலம்தான். மார்பிள் ஓரத்தை அது அரித்துவிடும். ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். ஆசிட்டே வேண்டாம் என்று ஒதுக்கிய வீட்டில் சிலிகான் வழியாக அது உள்ளே வந்துவிடக் கூடாது.

மெருகு: எங்கே நிறுத்துவது

அரிப்புக்கு வைர பேடுகள், அதாவது வைரத் துகள் பதித்த தேய்ப்புத் தட்டுகள். எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். ஜாலியைச் சுற்றிக் குழி இருந்த இடத்தில் 220-இல் தொடங்கினேன், மற்ற இடத்தில் 400. அடுத்து 800. தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்பு, முந்தைய எண்ணின் வெள்ளைக் குழம்பைச் சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும். அதில் ஒரு பெரிய துகள் தங்கினாலும் அடுத்த எண்ணில் கோடு விழும். குழம்பை ஜாலியில் தள்ளிவிட்டால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும், வாளியில் அள்ளி வெளியே கொட்டினோம்.

800-இல் நின்றபோது தரை பட்டுப்போல மங்கிய மெருகோடு இருந்தது. இன்னும் 1500, 3000 என்று போனால் முகம் தெரியும் பளபளப்பு வரும். நம் ஊர் பாலிஷ்காரர்கள் கடைசியில் ஆக்சாலிக் பவுடர் போட்டு மின்ன வைப்பார்கள். வீட்டுக்காரருக்கும் அந்த ஆசை இருந்தது. புது வீட்டில் எப்படி இருந்தது என்று பழைய புகைப்படத்தைக் காட்டினார்.

“சார், நீங்களும் அம்மாவும் எழுபதைத் தாண்டியாச்சு. ஈரத் தரை கண்ணாடி மாதிரி இருக்கணுமா?” என்று கேட்டேன். அவர் மனைவி உடனே, “அவர் சொல்றதக் கேளுங்க, போன வருஷம் நான் வழுக்கினது மறந்து போச்சா?” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. தரையை 800-இல் நிறுத்தினோம், சுவரை மட்டும் முழுப் பளபளப்புக்குக் கொண்டுபோனோம். குளியலறைத் தரைக்கு மங்கிய மெருகுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. வழுக்கல் குறையும். நாளைக்கே ஒரு சொட்டு எலுமிச்சை விழுந்தாலும் அந்தப் புள்ளி கண்ணில் படாது. பளபளக்கும் தரையில்தான் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரியும்.

கடப்பா தட்டை நீர்த்தாளால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 800 என்று கையாலேயே தேய்த்தோம், சாம்பல் போய்க் கறுப்பு திரும்பியது. தேங்காய் எண்ணெய் தடவினால் இன்னும் கறுக்கும் என்று அம்மா சொன்னார். அப்படிச் செய்வது பழக்கம்தான். ஆனால் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடையும் வரும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் சீலர் போட்டேன்.

சீலரைப் பற்றிச் சில வார்த்தை. கல்லுக்குள் இறங்கும் வகை, மேலே படலமாக நிற்கும் வகை என இரண்டு உண்டு. குளியலறைக்கு உள்ளே இறங்குவதுதான் சரி. மேல் படலம் அடியிலிருந்து வரும் ஈரத்தை அடைத்து வைத்துப் பிறகு உரியும். தடவிச் சில நிமிடம் விட்டு, மேலே மிஞ்சியதைக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேகமாகப் படிந்துவிடும். போட வேண்டிய காலம் வந்துவிட்டதா என்று அறிய, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கல்லில் வைத்துப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் மறுபடியும் போட வேண்டும்.

“சீலர் அடிச்சாச்சே தம்பி, இனி ஆசிட் பட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆகும். சீலர் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேற்பரப்பு கால்சியம் கார்பனேட்டாகவே இருக்கிறது. ஆசிட் பட்டால் அன்றைக்கே அரிக்கும். சீலர் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதும் இல்லை.

இப்போது அந்த வீட்டில்

பழக்கங்களில் சில மாறின. குளித்து முடித்தவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை இழுத்துவிட வேண்டும். மொத்தப் பராமரிப்பிலும் அதிகப் பலன் தருவது இதுதான். தண்ணீர் கல்லின் மேல் நின்று காய்ந்தால்தான் உப்புப் படியும், நிற்கவே விடாவிட்டால் படிய எதுவும் இல்லை. காலையில் ஜன்னல் திறந்திருக்கும். தரைக்குக் காரமோ அமிலமோ இல்லாத, பி.எச். 7-ஐ ஒட்டிய திரவம் கொஞ்சம், வெதுவெதுப்பான தண்ணீர், பருத்தித் துணி. சுரண்டும் பொடி, இரும்பு நார் எதுவும் உள்ளே வரக் கூடாது. சீயக்காய்க் கிண்ணத்தையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு தட்டில் வைத்து, குளியல் முடிந்ததும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். பூஜைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது தோட்டத்துக் குழாய்க்கு மாறிவிட்டது.

டாய்லெட் பீங்கான் என்பதால் அதற்குள் மட்டும் கழிப்பறைத் திரவத்தை அனுமதித்தேன். பாட்டிலின் வாய் பீங்கானுக்கு உள்ளே இருக்க வேண்டும், பிரஷ்ஷை உதறாமல் உள்ளேயே அலச வேண்டும், தரையில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர். அக்காவிடம் இதை நான் செய்தே காட்டினேன். அவரிடம் ஒரு துண்டு மார்பிளைக் கொடுத்து, அதில் ஒரு சொட்டு விடச் சொன்னேன். நுரை அடங்கியதும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இத்தன வருஷமா இதத்தான் கரைச்சிருக்கேனா?” என்றார். அந்தத் துண்டை இப்போது பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். மாடியில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அவர்தான் காட்டியிருக்கிறார்.

மழைக்காலம் முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். தரையில் புது அரிப்பு இல்லை. எண்ணெய்த் திட்டு இருந்த இடத்தைக் கைவிளக்கு வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயடியில் மட்டும் லேசாக உப்பு திரும்பியிருந்தது. குழாயின் வாஷர் தேய்ந்து, இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். வாஷரை மாற்றி, உப்பை பிளேடால் எடுத்தாயிற்று. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைப்பது பற்றி மகன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வைத்தால் நல்லது. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிற பிசின் அதில் இருக்கும், அவ்வப்போது உப்புப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

சுவரோர மஞ்சள் இன்னும் இருக்கிறது. அகலம் குறைந்து நிறம் வெளுத்திருக்கிறது, ஆனால் குழாய் இருக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் தாளில் மறுபடியும் துளி கட்டியது. மற்ற மூன்று பக்கமும் காய்ந்திருக்கும்போது அங்கே மட்டும் ஈரம் என்றால், சுவருக்குள் போகும் குழாயில் எங்கோ கசிவு இருக்க வேண்டும். வரும் கோடையில் குழாய் வேலைக்காரரை வரவழைத்து அழுத்தச் சோதனை செய்வதாக இருக்கிறோம். கசிவு உறுதியானால் அந்த ஒரு வரிசைக் கல்லை மட்டும் எடுத்து, குழாயைச் சரிசெய்து, நீர்க்காப்புப் பூசி, அதே கற்களை வெள்ளைச் சிமெண்டில் திரும்பப் பதிப்பேன்.